அட்டவணையில் ஜெயித்தவர்கள்

புதிதாக ஒரு டேப்லெட் சந்தைக்கு வருகிறதென்றால், அதற்கு முன்பே ஓர் ஒப்பீட்டு அட்டவணை வந்து உட்கார்ந்துவிடும். ஒரு பக்கம் புதியவர், மறுபக்கம் ஐபேட். பிராசசர், ரேம், கேமரா, யூஎஸ்பி துளை என்று வரி வரியாக டிக் அடித்துக்கொண்டே போவார்கள். இந்த அட்டவணையில் புதியவர் தோற்றதாகச் சரித்திரமே கிடையாது. தோற்கக்கூடிய வரி ஏதாவது இருந்தால் அந்த வரியையே தூக்கிவிடுவார்கள். 2010 ஏப்ரலில் முதல் ஐபேட் கடைக்கு வந்த அன்றே மூன்று லட்சம் விற்றுத் தீர, மற்ற கம்பெனிகளுக்குத் தூக்கம் போயிற்று. அடுத்த வருஷம் முழுக்க ஆளுக்கொரு டேப்லெட்டோடு வந்து நின்றார்கள். அநேகமாக எல்லாரும் அட்டவணையில் ஜெயித்தார்கள், கல்லாவில் தோற்றார்கள். புது டேப்லெட்டால் பழம்பெருச்சாளிகளோடு போட்டியிட முடியுமா என்று யாராவது கேட்டால், 2011-ஐப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். அட்டவணையை நம்பி வருகிறவருக்கு இங்கே இடமில்லை. வாங்குகிறவர் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவருக்குத்தான் இடம். அந்த ஆண்டுக் கணக்குகள் எனக்குச் சொல்வது இதைத்தான்.

முதலில் வந்தவர் மோட்டோரோலா ஸூம், பிப்ரவரி 2011, ஒப்பந்தம் இல்லாமல் வாங்கினால் 800 டாலருக்கு ஒரு டாலர் குறைவு. மெமரி கார்டு செருகத் துளை இருந்தது. செருகினால் வேலை செய்யாது, அதற்கான மென்பொருள் பிறகு வரும். 4ஜி உண்டு என்றார்கள். அது வேண்டுமென்றால் டேப்லெட்டைப் பார்சல் கட்டிக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பி, உள்ளே பொருத்தி வாங்கிக்கொள்ள வேண்டும். இணைய வீடியோக்களுக்கான ஃப்ளாஷ் மென்பொருள் ஐபேடில் ஓடாது என்பதுதான் அன்றைக்கு ஆப்பிளை அடிக்க எல்லார் கையிலும் இருந்த தடி. விற்பனை தொடங்கிய நாளில் ஸூமிலும் அது ஓடவில்லை. ஏப்ரலில் பிளாக்பெர்ரியின் பிளேபுக் வந்தது. உலகத்துக்கே கையடக்க மின்னஞ்சலைப் பழக்கிய கம்பெனி, மின்னஞ்சல் செயலி இல்லாத டேப்லெட்டைச் செய்திருந்தது. முகவரிப் புத்தகம் கிடையாது, நாட்காட்டியும் கிடையாது. இவையெல்லாம் தேவையென்றால் பக்கத்தில் ஒரு பிளாக்பெர்ரி போனை வைத்துக்கொண்டு இரண்டையும் இணைக்க வேண்டும். கையில் அந்த போன் இருந்தால் மின்னஞ்சலை அதிலேயே படித்துவிடலாமே என்ற சந்தேகம் வடிவமைத்தவர்களுக்கு வரவில்லை போலும். பக்கத்து வீடான ஐபேடில் இருபத்து நாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. இவர் வீட்டுக்கு இனிமேல்தான் போர் போட வேண்டும். வாடகை மட்டும் இரண்டுக்கும் ஒன்று, 499 டாலர். மின்னஞ்சல் 2012 பிப்ரவரியில் வந்து சேர்ந்தது. அதற்குள், முந்தைய டிசம்பரிலேயே, விற்காத சரக்குக்காக 48.5 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியாகிவிட்டது.

இதெல்லாம் அரைவேக்காட்டுச் சரக்கு, நன்றாக வெந்ததைக் கொண்டுவந்திருந்தால் ஜெயித்திருக்கும் என்று ஒரு கட்சி உண்டு. அவர்களுக்கு எச்.பி.யின் டச்பேடைக் காட்டலாம். 120 கோடி டாலர் கொடுத்துப் பாம் கம்பெனியை வாங்கி, அதன் வெப்ஓஎஸ் மென்பொருளை வைத்துச் செய்தது. சாதனம் கொஞ்சம் தடி, கொஞ்சம் மந்தம். ஆனால் திறந்திருக்கும் செயலிகளைச் சீட்டுக் கட்டுபோல் விரித்துக் காட்டி, வேண்டாததை விரலால் மேலே சுண்டிவிடும் அதன் அழகை எதிர்முகாமே ரசித்தது. பிற்பாடு எல்லா போன்களிலும் ஏறக்குறைய அதே ஏற்பாடு வந்துவிட்டது. 2011 ஜூலை 1 அன்று விற்பனைக்கு வந்தது, அதுவும் 499 டாலர்தான். ஆகஸ்ட் 18 அன்று, இந்த வியாபாரமே வேண்டாம் என்று எச்.பி. கை கழுவியது. முழுதாக ஏழு வாரம். வேடிக்கை இதற்குப் பிறகுதான் ஆரம்பம். மிச்சச் சரக்கை 99 டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். (2015-இல் ஆப்பிள் தன்னுடைய பென்சிலுக்கு மட்டும் வைத்த விலை அது.) உடனே ஜனங்கள் பாய்ந்து விழுந்து வாங்கினார்கள். மேலும் கேட்டார்கள். எச்.பி. என்ன செய்தது தெரியுமா? மூடிவிட்டதாக அறிவித்த பொருளை, விற்க விற்க நஷ்டம் என்று தெரிந்தே, இன்னும் ஒரு சுற்று தயாரிப்பதாக அறிவித்தது. உயிரோடு இருந்தபோது இல்லாத கிராக்கி, காரியம் ஆனபிறகு வந்தது. பொருளாதார மாணவர்களுக்கு இதைவிடத் துல்லியமான பரிசோதனை கிடைக்காது: அதே சாதனம், அதே மென்பொருள், மாறியது விலை மட்டும். ஐபேடின் விலைக்கு யாருக்கும் வேண்டாம். அதில் ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு எல்லாருக்கும் வேண்டும்.

அப்படியானால் விலையைக் குறைத்தால் தீர்ந்தது என்று அவசரப்பட வேண்டாம். அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று டெல்லியில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் ‘ஆகாஷ்’ டேப்லெட்டை வெளியிட்டார். டேட்டாவிண்ட் கம்பெனி செய்தது; அரசுக்கு அடக்கவிலை சுமார் 2,250 ரூபாய். உலகத்திலேயே மலிவு என்று அன்றைக்குப் பெருமையடித்தார்கள். 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ரேம், தொட்டால் போதாமல் அழுத்தினால்தான் மசிகிற திரை. மாணவர்களுக்கு என்று கொடுத்த சாதனம் அவர்களுக்குப் பாடத்துக்கு முன் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது. சீக்கிரமே இரண்டாம் ஆகாஷ் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. அந்த நவம்பரிலேயே அமேசானின் கிண்டில் ஃபயர் 199 டாலருக்கு வந்தது. அதில் கேமரா இல்லை, மைக் இல்லை, புளூடூத் இல்லை. ஒப்பீட்டு அட்டவணையில் போட்டால் பரீட்சையில் முட்டை வாங்கிய பையனின் விடைத்தாள் மாதிரி இருக்கும். ஆனாலும் அந்தப் பண்டிகைக் காலத்தில் ஐபேடுக்கு அடுத்து எல்லாரும் பேசிய டேப்லெட் அதுதான். காரணம், வாங்குகிறவருக்கு அமேசானில் ஏற்கெனவே கணக்கு உண்டு, புத்தகம் வாங்கிய பழக்கம் உண்டு, கடன் அட்டையின் எண்கூட அங்கே கிடக்கிறது. சாதனத்தை விற்பதில் அல்ல, அதை நீங்கள் பயன்படுத்துவதில்தான் எங்களுக்கு லாபம் என்று அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். கல்லாப்பெட்டியை வீட்டுக்கே அனுப்பிவைத்து அதற்கு 199 டாலரும் வாங்கிக்கொண்ட சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

‘ஆப்பிளும் ஒரு நாள் புதுமுகம்தானே, அது மட்டும் எப்படி ஜெயித்தது?’ இந்தக் கேள்வி நியாயமானது. ஆப்பிள் உண்மையிலேயே புதுமுகமாக வந்தபோது ஜெயிக்கவில்லை என்பதுதான் பதில். 1993-இல் நியூட்டன் என்ற கையடக்கக் கருவியை விற்றுப் பார்த்தது. அது எழுத்தை அடையாளம் காணும் லட்சணம் கேலிச்சித்திரக்காரர்களுக்குத் தீனியானது. 1998-இல் ஸ்டீவ் ஜாப்ஸே அதற்கு மூடுவிழா நடத்தினார். ஐபேட் வந்த அன்று அதற்குள் ஐபோனுக்காக எழுதப்பட்ட செயலிகள் சுமார் ஒன்றரை லட்சம் ஓடின. ஐட்யூன்ஸில் பணம் கட்டிப் பழகிய கோடிக்கணக்கான பேர் தயாராக இருந்தார்கள். பெட்டிதான் புதிது, உள்ளே இருந்ததெல்லாம் ஏற்கெனவே புழங்கியது. அதைப் புதுமுகம் என்று சொல்வது, அமைச்சரின் மகன் முதல் முறையாகத் தேர்தலில் நிற்கும்போது அவரைப் புதுமுகம் என்று சொல்வதைப் போன்றது.

பணபலம் இருந்தால் எதையும் சாதிக்கலாம் என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. மைக்ரோசாஃப்டுக்கு இல்லாத பணபலமா? 2012 அக்டோபரில் சர்ஃபேஸ் ஆர்டி வந்தது. பெயர் விண்டோஸ்; பழைய விண்டோஸ் மென்பொருள்கள் அதில் ஓடாது. தன்னிடம் இருந்த ஒரே பூர்விகச் சொத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே நுழைந்த வீரம் அது. ஒரு வருஷம் முடியுமுன் 90 கோடி டாலர் நஷ்டம் எழுதினார்கள். பழைய மென்பொருள்கள் ஓடும் சர்ஃபேஸ் ப்ரோ பிழைத்துக்கொண்டது. அது டேப்லெட்டா, விசைப்பலகையைக் கழற்றிய லேப்டாப்பா என்பதில் மட்டும் இன்னும் பட்டிமன்றம் நடத்தலாம்.

ஆப்பிளோடு நேருக்கு நேர் மோதி நின்றவர் என்றால் சாம்சங்கைத்தான் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு போன்களில் ஓடிய செயலிகள் அதற்குக் கைகொடுத்தன. 7 அங்குலம், 7.7, 8.9, 10.1 என்று செருப்புக்கடைபோல் எல்லா அளவிலும் செய்து அடுக்கியது. 7 அங்குல டேப்லெட்டைப் பயன்படுத்த வேண்டுமானால் விரல்நுனியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்று 2010-இல் ஜாப்ஸ் நக்கலடித்தார். அவர் காலமான மறு வருஷம் 7.9 அங்குல ஐபேட் மினி வந்தது. பெட்டிக்குள் உப்புத்தாள் எதுவும் வைக்கவில்லை. சாம்சங் நம் வடிவத்தைக் காப்பியடித்தது என்று ஆப்பிள் பல நாட்டு நீதிமன்றங்களில் ஏறியது. 2012 ஜூலையில் லண்டனில் நீதிபதி காலின் பர்ஸ், சாம்சங் டேப்லெட்டுகள் ஆப்பிளுடையவை அளவுக்கு ‘கூல்’ இல்லை, ஆகவே யாரும் குழம்ப மாட்டார்கள், காப்பி இல்லை என்று தீர்ப்பளித்தார். எதிராளியைவிட மட்டம் என்று நீதிமன்றமே சான்றளித்து, அதனாலேயே வழக்கில் ஜெயித்த கம்பெனி வேறு இருக்குமா என்று தெரியவில்லை. நீதிபதி அதோடு விடவில்லை. சாம்சங் காப்பியடிக்கவில்லை என்று ஆப்பிள் தன் சொந்த இணையதளத்திலேயே அறிவிப்பு வெளியிட வேண்டும் என்றும் உத்தரவு. ஆப்பிள் வெளியிட்டது, கூடவே எங்கள் டேப்லெட்தான் கூல் என்று நீதிபதியே சொன்னார் என்ற வால் ஒன்றையும் ஒட்டி. மேல்முறையீட்டு நீதிமன்றம் கூப்பிட்டுக் கண்டித்து, வாலை நறுக்கி ஒழுங்காக மறுபடி எழுதச் சொன்னது. இப்படியாக சாம்சங் டேப்லெட்டுக்கு ஆப்பிள் தன் செலவில் இரண்டு முறை விளம்பரம் செய்தது.