டயல் டோனுக்குக் காத்திராதே

இந்தியாவுக்கு இன்டர்நெட் 1995 ஆகஸ்ட் 15 அன்று வந்ததாகச் சரித்திரம் சொல்கிறது. கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு வி.எஸ்.என்.எல். லைனைத் திறந்துவிட்டது. மும்பை, டெல்லி, கல்கத்தா, சென்னைக்காரர்களுக்கு அந்தச் சரித்திரம் சரி. நாமகிரிப்பேட்டைக்கு அப்போது இன்டர்நெட்டும் கிடையாது, நாமக்கல் மாவட்டமும் கிடையாது. மாவட்டம் 1997 ஜனவரியில் சேலத்திடம் பாகம் பிரித்துக்கொண்டு வந்தது. இன்டர்நெட் அதற்கும் பின்னால், ராசிபுரத்திலிருந்து மொபெட்டின் முன்பக்கம் அட்டைப்பெட்டியில் உட்கார்ந்து வந்தது. பெட்டிக்குள் மோடம்.

வந்த முதல் நாளே அது சொன்ன சேதி: பிழை எண் 680, டயல் டோன் இல்லை.

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் டோன் கொர்ரென்று கேட்கிறது. காது மந்தமான பாட்டிக்கே கேட்கிறது. மோடத்துக்கு மட்டும் கேட்கவில்லை. காரணம் எளிது. அது கற்று வந்தது அமெரிக்க டோன்: 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து ஒலிப்பது. நம் எக்ஸ்சேஞ்ச் கொடுத்ததோ 400 ஹெர்ட்ஸை 25-ஆல் குலுக்கிய உள்ளூர்ச் சரக்கு. அந்நிய தேசத்தில் கரையிறங்கி, எதிரே நிற்கிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டே ‘இங்கே யாருமே இல்லை’ என்று குறிப்பெழுதிய துரைமார்கள் உண்டல்லவா? நாமகிரிப்பேட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சும் கொஞ்ச நாள் அந்த ‘யாருமே இல்லை’ பட்டியலில் இருந்தது.

வைத்தியம், ‘எக்ஸ்3’. டோனுக்குக் காத்திராதே, பேசாமல் நம்பரைப் போடு என்று அர்த்தம். எங்கள் பக்கத்து இன்டர்நெட் வரலாற்றில் ஒரு சிலை வைப்பதாக இருந்தால், மந்திரிகளை விட்டுவிட்டு இந்த எக்ஸ்3-க்குத்தான் வைக்க வேண்டும்.

வைத்தியத்தை மோடம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமே, அங்கேதான் கூத்து. ஹைப்பர்டெர்மினலைத் திறந்து ‘ஏடி எக்ஸ்3’ என்று அடித்து, கடைசியில் ‘அண்ட் டபிள்யூ’ போட்டால் அது மோடத்தின் உள்நினைவில் ஒரு ப்ரொஃபைலாகப் பதியும். கரண்ட் போய் வந்தாலும் அழியாது. நம்பித் தூங்கப் போகலாம். காலையில் விண்டோஸ் 98 எழுந்து, டயல் செய்வதற்கு முன்னால் மரியாதையாக ஒரு ‘அண்ட் எஃப்’ அனுப்பும். கம்பெனியில் பிறந்தபோது எப்படி இருந்தாயோ அப்படி ஆகிவிடு என்று பொருள். இரவு படித்த பாடமெல்லாம் காலையில் காலி, மறுபடியும் 680. பிறகுதான், கன்ட்ரோல் பேனலில் மோடம்ஸ், அதற்குள் ப்ராப்பர்ட்டீஸ், அதற்குள் அட்வான்ஸ்டு என்று நாலு கதவு திறந்து போனால் ‘எக்ஸ்ட்ரா செட்டிங்ஸ்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருப்பது ஊருக்குத் தெரியவந்தது. அங்கே எக்ஸ்3 எழுதியவன் அந்தத் தெருவுக்கே டாக்டர்.

சில மோடங்களில் ப்ரொஃபைல் இரண்டு, பூஜ்யமும் ஒன்றும். வீட்டுக்கு வீடு பூஜ்யம் அப்பாவுடையது, ஸ்பீக்கர் சத்தத்தோடு. ஒன்று மகனுடையது, ‘எம்0’ போட்டு வாயைக் கட்டியது. நடுராத்திரியில் அந்தக் கீச்சலும் கரகரப்பும் கூடம் வரை போனால் என்ன ஆகும்? நாதஸ்வர மேதை கிருஷ்ணன் பெயரால் உலகம் அறிந்த ஊர் இது. சீவாளி சரியில்லாத வாத்தியத்தை யாரோ விடாமல் ஊதுவதாக நினைத்து, இங்கே ஆட்கள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். பகலில் வேறு தொல்லை. செவ்வாய்க்கிழமை மஞ்சள் ஏலம். விரலி என்ன விலை, உருண்டை என்ன விலை, பனங்காளி என்ன விலை என்று ஈரோட்டிலிருந்து கேட்கிற நேரம் பார்த்து லைன் பிசி. அப்பா கூடத்துப் பேரலல் போனை எடுத்து ‘அலோ’ என்பார். இன்டர்நெட் செத்துவிடும்.

இந்த ‘ஏடி’ கட்டளைகளின் பூர்வீகம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். டென்னிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் என்ற இருவர் 1981-இல் ‘ஸ்மார்ட்மோடம்’ என்ற பெட்டியோடு ஊருக்கு விட்டது. கனெக்ஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மோடத்தை மட்டும் தனியே கூப்பிட, ஒரு விநாடி மௌனம், மூன்று ப்ளஸ், மறுபடி ஒரு விநாடி மௌனம் என்று வைத்தார்கள். அந்த மௌனத்துக்குப் பேடன்ட்டும் வாங்கினார்கள். ‘சும்மா இரு’ என்று நம் சித்தர்கள் இனாமாகச் சொன்ன சமாச்சாரம்! காசு கொடுக்க மனமில்லாத மற்றக் கம்பெனிகள் மௌனத்தை விட்டுவிட்டு ப்ளஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டன. விளைவு, சாட் ரூமில் சண்டை வந்தால், மூன்று ப்ளஸ்ஸோடு ‘ஏடி எச்0’ சேர்த்து எதிராளியின் கம்ப்யூட்டருக்கு ஒரு பிங் விட்டால் போதும். அது மரியாதைக்கு அதையே திருப்பிச் சொல்லப் போக, அதன் மோடம் அதைக் கேட்டுத் தன் போனைத் தானே வைத்துவிடும்.

ஹேய்ஸ் கம்பெனி 1999 ஜனவரியில் சாமான்களை விற்றுக் கணக்கை முடித்தது. எங்கள் ஊர் அப்போதுதான் எக்ஸ்3 எழுதக் கற்றுக்கொண்டிருந்தது.

பாஷை மட்டும் சாகவில்லை. மஞ்சள் காட்டு போர் மோட்டாரை வீட்டிலிருந்தே ஓட்டும் மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். சிம் கார்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜி.எஸ்.எம். மாட்யூல் இருக்கும், அது பேசுவது அதே ‘ஏடி’தான். எத்தனாவது ரிங்கில் எடுக்க வேண்டும் என்பதற்கு எஸ்0, அதைப் பதிந்துவைக்க அண்ட் டபிள்யூ. த்ரீ ஃபேஸ் எப்போது வரும் என்று கேட்க மட்டும் அந்த இரண்டு பேரும் ஒரு கட்டளை எழுதி வைக்கவில்லை.