கேரட் நடத் தெரியாத ஊட்டிக்காரன்

வாடா பேராண்டி! ஊட்டி காந்தல் குளிருல கம்பளியைப் போத்திக்கிட்டு வீட்டுல இருந்தே வேலை பாக்குறியாம். லாக் ஃபைல்ல ரெண்டு லட்சம் வரியாம், அதுல தப்பு நடந்த வரியை மட்டும் பிரிக்கணுமாம். நீ எழுதின பேட்டர்னைப் பாத்தேன். புள்ளி, நட்சத்திரம், 'எர்ரர்', மறுபடி புள்ளி, நட்சத்திரம். ஆகா, மார்கழிக் கோலப் போட்டிக்கே அனுப்பலாம்!

வெறும் 'எர்ரர்'னு குடுத்தாலே, வரி தேடுற கிரெப் கமாண்ட் அந்த வரி முழுசையும் எடுத்துக் குடுத்துரும்டா. தாத்தாவுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே யூனிக்ஸ் மெஷின்ல குப்பை கொட்டுனவன் நான். கென் தாம்சன் பெல் லேப்ஸ்ல இருந்தப்ப எழுதுன கிரெப் 1973லயே யூனிக்ஸுக்குள்ள வந்துருச்சு. அதுக்கும் முன்னால, 1968ல, வரியை ஒரே தரம் வாசிச்சுக்கிட்டே பேட்டர்னைப் பொருத்துற வழியைக் கட்டுரையா எழுதி வச்சாரு. உங்க ஆளுங்க அதை விட்டுட்டு, பொருந்தலைன்னா திரும்பத் திரும்பப் பின்னாடி வந்து பாக்குற இன்ஜினைப் புடிச்சுக்கிட்டாங்க. 2019 ஜூலை 2ஆம் தேதி, வெப்சைட்டுங்களுக்கு முன்னால காவல் நிக்குற கிளவுட்ஃபிளேர்காரன் ஒரு புது ரூல்ல புள்ளி நட்சத்திரத்தை அடுத்தடுத்து ரெண்டு தரம் போட்டான். உலகம் பூரா அவன் சர்வருக்கு மூச்சு முட்டி, 27 நிமிஷம் கணக்கில்லாத வெப்சைட் படுத்துருச்சு. நீயும் ரெண்டுதானே போட்டிருக்க? பெரிய கம்பெனிக்குப் போற தகுதி வந்துருச்சு, போ.

உங்க பாட்டி தேயிலைத் தோட்டத்துல ரெண்டு இலை ஒரு மொட்டுன்னு பாத்துப் பாத்துக் கிள்ளுனவ. கைக்கு வந்ததையெல்லாம் உருவிப் போட்டிருந்தா எடை போடுற எடத்துலயே மூட்டையைத் திருப்பி விட்டிருப்பான். நீ மொதல்ல நாலு வரியைக் கண்ணால பாரு. தேதி வரியோட தலையில இருக்கா? அங்க ஒரு கேரட் குறி நடு. ஊட்டிக்காரனுக்குக் கேரட் நட நான் சொல்லித் தரணுமா?

அப்புறம் நீ தனியாத் தேடுன அந்த ஐ.பி. நம்பர். 10.1.1.1னு அப்படியே அடிச்சிருக்க. புள்ளின்னா அங்க எது வேணா வரலாம்னு அர்த்தம். அதான் சம்பந்தமே இல்லாத 10.1.121.7 வந்து நடுவீட்டுல உக்காந்திருக்கு. ஒவ்வொரு புள்ளிக்கு முன்னாலயும் ஒரு பின்சாய்கோடு போடு. கடைசியில சொல் எல்லைக் குறியும் வை, இல்லைன்னா 10.1.1.15ம் கூடவே வரும்.

அந்த எல்லைக் குறியைத் தமிழ்ல மட்டும் நம்பிராத. பைதானோட சாதா ஆர்ஈ மாட்யூலுக்குக் காலும் புள்ளியும் எழுத்துக் கணக்குலயே வராது. டெலிவரி லாக்ல 'காந்தல்'னு இருந்தா க, ந, தலன்னு நறுக்கிரும். ஊரே கந்தல்! நம்ம கண்ணுக்கு நாலு எழுத்து, யூனிகோடுக்கு ஏழு. பேட்டர்ன்ல நாலு புள்ளி வச்சுத் தேடுனா 'காந்'தோட நின்னுரும். 'ரீஜெக்ஸ்'னு தனி மாட்யூல் இருக்கு. அதுல பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் போட்டா காலு, புள்ளியோட சேத்து முழு எழுத்தா எடுக்கும்.

இன்னொண்ணு. உன் லாக்ல எர்ரர் எல்லாம் பெரிய எழுத்துல இருக்கு. நீ சின்ன எழுத்துல தேடியிருக்க, மைனஸ் ஐ போடல. ஒண்ணும் சிக்கலைன்னதும் 'எல்லாம் சுத்தம்'னு மேனேஜருக்கு மெயிலும் தட்டிட்டியாமே? கம்பளியை உதறிட்டு எந்திரி, போன் அடிக்குது.