ஜிமிக்கி முதலாளிக்குத் தாத்தா சொன்ன கணக்கு

ஏட்டி முதலாளி, இங்கன வந்து உக்காரு. இன்ஸ்டாகிராம்ல சுடுமண் நகைக் கடை தொறந்துட்டியாம்லா. முதல் எவ்வளவு? 5,000 ரூபாயா? பேஷ்! அதுல கடைக்குச் சின்னம் வரைய 1,500, பேரு அச்சடிச்ச பெட்டிக்கு 2,000, விளம்பரத்துக்கு 1,000. மிச்சம் 500 மண்ணுக்கும் பெயிண்டுக்கும். நல்ல யோசனைதான். வாங்குதவ பெட்டியைக் காதுல மாட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போவா.

மூஞ்சியைத் தூக்காதே. காருகுறிச்சியில பானை வாங்குதவ என்ன செய்வா? வெரலால சுண்டிப் பாப்பா. கணீர்னு கேட்டா எடுப்பா, இல்லைனா வச்சிட்டுப் போயிருவா. உன்கிட்ட வாங்குதவளுக்குச் சுண்டிப் பாக்க வழி கெடையாது. போட்டோவைத்தான் நம்பணும். நீயோ ராத்திரி டியூப்லைட்டுக்குக் கீழ எடுத்து, ஃபில்டரைப் போட்டு, செம்மண்ணை ரோசாப்பூவா ஆக்கி வச்சிருக்கே. சாமான் கைக்குப் போன பொறவு அவ உன்னை என்ன கலர்ல திட்டுவான்னு தெரியும்லா? காலையில ஜன்னலோரம் வச்சு எடு. பக்கத்துல ஒரு ரூபாய்த் துட்டு வையி, அளவு தெரியும். உங்க அக்கா காதுல மாட்டி ஒரு படம் எடு. எத்தனை கிராம்னு எழுது. கனத்த ஜிமிக்கின்னா காது இழுக்கும்னு பயப்படுதவளுவ நெறைய.

தனியா வெப்சைட்டு வேணும்னு எவனோ சொன்னானாமே! சொன்னவனே கட்டித் தாரேன்னும் சொல்லியிருப்பானே? வாட்ஸ்அப் பிசினஸ்ல படத்தையும் விலையையும் சும்மாவே அடுக்கி வைக்கலாம். யுபிஐக்கும் 2020 ஜனவரியில இருந்து வியாபாரிகிட்டக் கழிவு பிடிக்கதில்லை. முதல்ல பத்துப் பேரு வாங்கட்டும், மாளிகையைப் பொறவு கட்டலாம்.

இப்போ விலைக்கு வா. ஜோடி 60 ரூபாயா? தர்மசத்திரம் நடத்துதேன்னு சொல்லியிருந்தா நானும் ஒரு உண்டியல் வச்சிருப்பேனே! மண்ணு, பெயிண்டு, கொக்கி, அட்டை எல்லாம் சேத்து 35 ஆவுதுன்னு நீயேதான் சொன்னே. மிச்சம் 25. உருட்டி, தேய்ச்சு, சுட்டு, வரைஞ்சு முடிக்க மூணு மணி நேரம். அப்போ மணிக்கு எட்டு ரூபாய். 2025-26ல தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 336. எட்டு மணி நேரம்னு வச்சாலும் மணிக்கு 42. மம்பட்டி பிடிக்கவளுக்கு 42, பி.காம் படிச்ச முதலாளிக்கு எட்டு!

மூணு மணிக்கு 126, சாமான் 35, ஆக 161. இதோட முடிஞ்சுதா? ஈரம் உள்ள நின்னா சூளையில வெடிக்கும். அதுக்குத்தான் நிழல்ல நல்லாக் காய வைக்கச் சொல்லுதது. அப்படியும் ஒண்ணு ரெண்டு போவும். வெடிச்சதுக்கு உண்டான துட்டையும் வெடிக்காததுதான் சம்பாதிக்கணும். 180-க்குக் கீழ எறங்காதே. தபால் செலவைத் தனியாச் சொல்லு.

தபால்னதும் ஞாபகம் வருது. பெட்டியைக் கட்டி முடிச்சதும் காதுகிட்ட வச்சுக் குலுக்கிப் பாரு. கலகலன்னா பிரிச்சுக் கட்டு. பொறவு இடுப்பு ஒசரத்துல இருந்து தரையில போடு. தபால் பையில அது படப்போற பாட்டை உன் கண்ணு முன்னாலயே படட்டும். உள்ள அடைக்கப் பழைய பேப்பர் போதும், நான் படிச்சு முடிச்சதைத் தாரேன்.

வாங்க வாரேன்னு ஒருத்தனும் வருவான். பட்டாளத்துல இருக்கேம்பான், பேரம் பேசமாட்டான், அம்பது ஜோடி ஒரே தடவையில கேப்பான். அப்பவே சந்தேகப்படு; பேரம் பேசாத ஆம்பளை எந்த ஊர்ல இருக்கான்? கியூஆர் படத்தை அனுப்பி, ஸ்கேன் பண்ணிப் பின் நம்பரைப் போடு, பணம் வரும்பான். பின் நம்பர் பணம் கொடுக்கதுக்குத்தான், வாங்குததுக்கு வேண்டாம். போட்டியோ, மிச்சமிருக்க 500-ம் அவனுக்குத்தான்.

ஆனா அவனைவிடப் பெரிய ஆபத்து சொந்தக்காரவுகதான். "நம்ம புள்ளதானே"ன்னு ஒவ்வொருத்தியும் ஒரு ஜோடி எடுத்துட்டுப் போவா. உங்க ஆச்சியும் பச்சைக் கலர்ல ஒண்ணு கேக்கா. 180-ன்னு சொல்லு. நான் 100-க்குக் கேப்பேன், வளத்த கதையைச் சொல்லுவேன், கண்ணுகூடக் கலங்குவேன். அசைஞ்சியோ, கடையை இன்னைக்கே சாத்திரு.