நான்கு வினாடிச் செல்வம்

மனிதனுக்கு உண்டாகும் ஆசைகளில் சில வயதோடு போய்விடுகின்றன. சில பணத்தோடு வந்து சேருகின்றன. அரிசி ஆலைத் தொழிலில் நாலு காசு பார்த்துவிட்ட என் தங்கை மகன், பந்தயக் கார் ஜாதியைச் சேர்ந்த ஜெர்மானிய வாகனம் ஒன்றை மூன்றாம் கையாக வாங்கி வந்து என் வீட்டு வாசலில் நிறுத்திய தினத்தில், 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான வைபவத்துக்குக்கூடச் சேராத கூட்டம் எங்கள் தெருவில் சேர்ந்தது.

“ஏறுங்க மாமா” என்றான். ஏறுவது என்ற சொல் அதற்குப் பொருந்தாது. கிணற்றில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். வேஷ்டியை மடித்துக் கட்டி, வலது காலை முதலில் அனுப்பி, பிற்பாடு சரீரத்தை ஒப்படைத்து, கடைசியில் தலையையும் இடது காலையும் ஒவ்வொன்றாக மீட்டுக்கொள்ள வேண்டும்.

“நாலே செகண்டுல நூறு கிலோமீட்டர் வேகம் புடிச்சிடும் மாமா.”

“புடிச்சு?” என்றேன்.

அவனிடம் பதில் இல்லை. நால்வழிச் சாலையில் கார்களுக்கு மத்திய அரசு 2018இல் விதித்த உச்ச வேகமே மணிக்கு 100 கிலோமீட்டர்தான். நான்கு வினாடியில் அந்த எல்லையைத் தொட்டுவிட்ட பிறகு, மிச்ச வேகமெல்லாம் பெட்டியில் மடித்து வைத்த கல்யாணப் பட்டுப்புடவைபோல் கிடக்க வேண்டியதே. எடுத்துக் கட்ட முகூர்த்தம் வாய்ப்பதில்லை.

வாங்கிய விலையைச் சொன்னவன், வளர்க்கும் விலையைச் சொல்லவில்லை; அது தவணை தவணையாகத் தெரிய வந்தது. என்ஜின் ஒரு தடவைக்கு எட்டு லிட்டர் ஆயில் குடித்தது. நான்கு டயர்களின் கிரயத்தில் ஓர் ஏழைப் பெண்ணின் விவாகத்தை நடத்தியிருக்கலாம். முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டினால், அதன் காரணத்தை விசாரிக்க 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னைக்குக் காரை லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. உலகத்திலேயே அதிவேகமாகச் செல்லக்கூடிய பொருள் ஒன்று, பெரும்பாலும் லாரியின் முதுகில் பிரயாணம் செய்ததைக் கண்ணால் கண்டவன் நான்.

இனாமாக வரும் காருக்கே விலை உண்டு. பிராட்மனின் 29 டெஸ்ட் சதங்களை எட்டிய டெண்டுல்கருக்கு 2002இல் பியட் நிறுவனம் ஒரு பெராரியைப் பரிசளிக்க, கார்ப் பந்தய வீரர் ஷூமாக்கரே அதைக் கையளித்தார். அதன் சுங்க வரி ஒரு கோடியைத் தாண்டியது. அரசு அதைத் தள்ளுபடி செய்யப்போக, தேசமே கூச்சலிட்டு, முடிவில் அந்த நிறுவனமே வரியைக் கட்ட நேர்ந்தது. பரிசுக்கே அந்தக் கதியென்றால், கைக்காசு போட்டு வாங்கியவன் கதி என்ன?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலைக்குப் புறப்பட்டோம். வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேரவை 1988இல் இலக்கணம் வகுத்தது. மலையடிவாரத்து வேகத்தடையோ இலக்கணம் வாசிக்காதது. ‘கர்ர்’ என்று காரின் அடிவயிறு உரசியது. மருமகன் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பாரம் குறைய என்னை இறக்கிவிட்டான். தேருக்கு முன்னால் முட்டுக்கட்டை போடுகிறவன்போல் நான் குனிந்து குனிந்து வழி சொல்ல, கோணலாகத் திருப்பித் திருப்பி அந்தத் தடையைத் தாண்டுவதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

அந்தச் சமயம் ஒரு டி.வி.எஸ். வண்டி எங்களைக் கடந்தது. இரண்டு பேர் அமர்வதற்கென்று நம் நாட்டில் வந்த முதல் மொபெட் 1980இல் வெளியான டி.வி.எஸ். 50; அந்த வம்சம். எங்கள் காருக்கும் இருக்கை இரண்டுதான். அதிலோ மலைவாசி ஒருவர், அவர் மனைவி, இரண்டு மூட்டை மரவள்ளிக் கிழங்கு.

வண்டியை நிறுத்தி, “இதுல எத்தினி மூட்டை ஏத்தலாங்க?” என்று அவர் கேட்டார்.

மருமகன் பெருமையுடன் முன்பக்கத்தைத் திறந்து காட்டினான். ஒரு தோல்பை கொள்ளும் பள்ளம் இருந்தது.

“ஐயோ, என்ஜினைக் காணமே!” என்றார் அவர், மெய்யான அனுதாபத்தோடு.

பின்னாலிருக்கிறது என்று விளக்கியும் அவர் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.

உள்ளதையும் சொல்லிவிட வேண்டும். மலைமேல் வெள்ளிமலை ஊருக்கு அருகே ஆளரவமற்ற ஒரு நேர்ச்சாலையில் அவன் மிதித்தபோது, என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ள, வயிறு வேறு எங்கோ பின்தங்கிவிட, அறுபது வயதைத் தாண்டிய நான் ரங்கராட்டினத்துக் குழந்தைபோல் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சுகம் நான்கு வினாடி நீடித்தது. மறுபடியும் அழைப்பானா என்று அடுத்த வாரம் முழுவதும் சலவைச் சட்டையோடு திண்ணையில் காத்திருந்தேன்.

ஒரு வருஷத்தில் காரை விற்றுவிட்டான். நஷ்டம் அவனுடையது, எனக்கென்ன என்று நினைத்தேன். ஆனால் அந்தக் காரிலிருந்து நான் கஷ்டப்பட்டு வெளியேறியதை ஊர் பார்த்திருக்கிறது. எங்கள் தெருக் கோயில் திருவிழாவுக்கு வழக்கமாக 501 ரூபாய் எழுதும் என் பெயருக்கு நேரே, அந்த வருஷம் விழாக் குழுவினரே 5,001 என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். கார் போய் மூன்று திருவிழா ஆயிற்று. தொகை மட்டும் இறங்கவில்லை.