வெள்ளவத்தையில் கெமிஸ்ற்றி படிப்பது எப்படி?

மொறட்டுவைக்கு எஞ்சினியரிங் படிக்கப் போக ஆசையா? கணிதமும் பௌதிகமும் மட்டும் போதாது, கெமிஸ்ற்றியும் வேண்டும். கொழும்பு மாவட்டத்தில் ஏ.எல் தோற்றுவதால் இஸட் புள்ளியும் கூடுதலாகவே வேண்டும்.

ஒரு ரியூசன் போதாது. ஒரு சேரிடம் தியறி, இன்னொருவரிடம் ரிவிஷன், மூன்றாமவரிடம் "அவர் சொன்னது வரும்" என்ற நம்பிக்கை. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் பிள்ளை பஸ்ஸில் நின்றபடியே ரியூட்டைப் பாடமாக்கலாம். ஜன்னலுக்கு வெளியே மட்டும் பார்க்கக்கூடாது. காரணம் பிறகு.

எதையும் கையால் தொடாதீர்கள். நியமிப்பில் பினோத்தலீன் எப்போது நிறம் மாறும் என்று எழுதத் தெரிந்தால் சரி. அளவியை நேரில் கண்டால் அடையாளம் தெரிவதெல்லாம் மேலதிகத் தகைமை.

உப்புக்கரைசலின் மின்பகுப்பா? அனோட்டில் குளோரீன், கதோட்டில் ஐதரசன், மிச்சம் சோடியமைதரொட்சைட்டு. அதோடு நிறுத்துங்கள். ஆனையிறவு உப்பை வைத்துப் பரந்தனில் ஒரு தொழிற்சாலை 1950களிலிருந்து இதைத்தான் செய்தது. யுத்தம் அதை மூடியது. அதே பெயரிலுள்ள கம்பனி இன்று தண்ணீர்ச் சுத்திகரிப்புக்குக் குளோரீனை இறக்குமதி செய்கிறது. காலையில் பைப்பைத் திறந்ததும் மூக்கில் ஏறுவதும் குளோரீன்தான். ஆனால் 50 பல்தேர்வு வினாக்களில் இதை யார் கேட்கப்போகிறார்கள்? சேரிடம் கேட்டால் "சிலபஸுக்கு வெளியே தம்பி" என்பார்.

இனி அந்த ஜன்னல். காலி வீதியிலிருந்து மேற்குப் பக்கம் எந்த ஒழுங்கையால் இறங்கினாலும் கடல். அந்த உப்புக்காற்றில் கறள் பிடிக்காத பல்கனிக் கிறில் வெள்ளவத்தையில் அபூர்வம். வீட்டுக்காரர் தீபாவளிக்குத் தீபாவளி கறளுக்கு மேலேயே பெயின்ற் அடிப்பார். உப்பு ஈரம் மின்பகுபொருள், இரும்பின் ஒரு மூலை அனோட்டு, மற்ற மூலை கதோட்டு: கிறில் முழுக்க மின்கலம். நாகம் பூசியிருந்தால் அது தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும், -0.76, -0.44 என்ற இரண்டு மின்வாய் அழுத்த எண்களின் அர்த்தமே அதுதான். எண்களைப் பாடமாக்குங்கள், கிறிலைப் பார்க்காதீர்கள். பார்த்தால் விளங்கிவிடும், விளங்கினால் அடுத்த கேள்வி வரும், அதற்கு ரியூட்டில் விடை இராது.

அந்த அடுத்த கேள்வி மறைன் டிரைவ் மாடிகளைப் பற்றியது. கொங்கிறீற்றின் பிஎச் 12 முதல் 13 வரை. அந்தக் காரத்தில் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் படிந்து கறளைத் தடுக்கிறது. கடலுப்பின் குளோரைட்டு மெல்ல ஊறி உள்ளே போய் அந்தப் படலத்தைக் கிழிக்கும். கறளோ, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். இடம் போதாமல் கொங்கிறீற் வெடித்து விழும், அது கார் நிற்கிற இடமா பிள்ளை விளையாடுகிற இடமா என்று பாராமல்.

இதற்கு ஏ.எல்லில் புள்ளி கிடையாது. ஆகவே சோதனை முடிந்த அன்றே ரியூட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாம். பாஸாகி, எஞ்சினியராகி, கடலோரம் மாடி கட்ட வருகிற அன்று மட்டும், தம்பி, தங்கச்சி, கம்பிக்கு மேலே போடும் கொங்கிறீற்றின் தடிப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள். மிச்சம் பிடிக்கக் கொன்றாக்டர் இருக்கிறார்.