சுக்கு காபி: செய்முறையும் சச்சரவும்

சுக்கு, மல்லி, மிளகு மூன்றையும் இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, கருப்பட்டி போட்டு வடிகட்டினால் சுக்கு காபி. காபித்தூள் இதில் கிடையாது. தமிழ்நாட்டு ஊர்களில் சாயங்காலம் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வருபவர்களிடமும் இது கிடைக்கும். ஆனால் ஜலதோஷம் பிடித்த ஒருவருக்காக வீட்டு அடுப்பில் ஏறும்போதுதான் இதற்கு முழு மரியாதையும் முழுச் சர்ச்சையும் வந்து சேர்கின்றன.

ஜலதோஷத்தை உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கும் மேல். அவற்றில் ரைனோவைரஸ் மட்டுமே 160 வகைக்கு மேல் உண்டு. ஒரு வகையிடம் அடிபட்டுத் தேறிய உடம்பு, அடுத்த வகை வந்ததும் மறுபடி ஒன்றாம் வகுப்பில் போய் உட்காருகிறது. இதற்கென்றே பிரிட்டன் 1946இல் சாலிஸ்பரி அருகே ஓர் ஆய்வு நிலையம் தொடங்கியது. நல்ல உடம்புக்காரர்களை வரவழைத்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, மூக்கில் வைரஸைச் சொட்டுவிட்டுப் பார்த்தார்கள். 40 ஆண்டுகளுக்கு மேல் நடந்த அந்த நிலையத்தில் மனிதரைத் தாக்கும் கொரோனா வைரஸ் ஒன்று 1960களிலேயே அடையாளம் காணப்பட்டது. ஜலதோஷத்துக்கு மருந்து மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் காலியிடத்தில்தான் சுக்கு உட்கார்ந்திருக்கிறது.

பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால் என்ற பொருள். இஞ்சியைக் காயவைக்கும்போது அதில் ஒரு பகுதி நீர் மூலக்கூறை இழந்து ஷோகால் ஆகிறது. இதற்குக் காரம் இன்னும் அதிகம். சுக்கு சுருக்கென்று ஏறுவது இதனால்தான். சுக்குக்குப் புறத்தே நஞ்சு, கடுக்காய்க்கு அகத்தே நஞ்சு என்பது வைத்தியர்கள் வழக்கு. ஆகவே தோலைச் சுரண்டிய பிறகே இடிக்க வேண்டும். சுரண்டும்போது சுக்கு உருளும், விரல் நகமும் கொஞ்சம் சேர்ந்து சீவப்படும். முழுசாக மிக்ஸியில் போட்டால் சுக்குக்கு ஒன்றும் ஆகாது. மிக்ஸியைத்தான் பழுதுபார்க்கக் கொடுக்க நேரும். இடிகல்லில் நாலு தட்டுத் தட்டுவதே உத்தமம். அடுக்குமாடி வீடென்றால் அந்தச் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வருவார். விஷயம் தெரிந்ததும் சண்டையை விட்டுவிட்டு, மிளகு எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார்.

அந்த மிளகின் காரப்பொருளான பைப்பரினை 1819இல் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆர்ஸ்டெட். மறு ஆண்டே, மின்னோட்டம் காந்த ஊசியை அசைக்கிறது என்று கண்டுபிடித்து அவர் இயற்பியல் பாடப்புத்தகத்துக்குள் குடியேறிவிட்டார். மிளகு விஷயத்தில் அவருக்கு உரிய நன்றியை, தினமும் ரசம் வைப்பவர்கள்கூடச் செலுத்தவில்லை. மிளகும் சுக்கும் நாக்கிலும் தொண்டையிலும் இருக்கும் டிஆர்பிவி1 என்ற உணர்வியைத் தூண்டுகின்றன. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை மூளைக்குத் தெரிவிப்பது அதன் வேலை. 1997இல் அதை இனம்கண்ட டேவிட் ஜூலியஸ், 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆறிப்போன சுக்கு காபியும் தொண்டையைச் சுடுவது இந்த உணர்வி ஏமாறுவதால்தான். காரம் பட்டதும் மூக்கு இன்னும் கொஞ்சம் ஒழுகும். "பாத்தியா, சளி இளகுது" என்று வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்பு வழங்குவது அப்போதுதான். காரத்தைத் தின்றால் ஜலதோஷம் இல்லாதவருக்கும் மூக்கு ஒழுகும் என்ற உண்மையை அந்த நேரத்தில் எடுத்துரைக்காமல் இருப்பது குடும்ப ஆரோக்கியத்துக்கு நல்லது.

மல்லி காரத்தைத் தணித்து மணம் கூட்டும். வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்துச் சேர்ப்பார்கள். ஒரு பங்கு சுக்குக்கு இரண்டு பங்கு மல்லி, கால் பங்கு மிளகு என்பது பொதுவான கணக்கு. பொதுவானது என்பதாலேயே எல்லாரும் ஒப்புக்கொண்டதாகிவிடாது. நலம் விசாரிக்க வருபவர்கள் ஆளுக்கொன்றைக் கூட்டுவார்கள். அத்தை ஏலக்காய் என்பார், சித்தப்பா திப்பிலி என்பார், எதிர்வீட்டு அக்கா தொட்டியிலிருந்து கற்பூரவல்லியையே பறித்துக்கொண்டு வந்துவிடுவார். சித்தரத்தை, அதிமதுரம், துளசி, தூதுவளை என்று பட்டியல் நீண்டு, பாத்திரத்தில் தண்ணீருக்கு இடம் இருக்காது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். பாட்டுக்கு மூன்று செய்தி என்று வைத்துப் பாடிய நல்லாதனாரின் நூலுக்கும் அதே பெயர். மூன்றோடு நிறுத்தத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

இனிப்புக்குக் கருப்பட்டி. பதநீர் புளித்துக் கள்ளாகாமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கி, காய்ச்சி எடுப்பது இது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் பெயர் அதிகம். தூசி, மணல் இருக்கலாம் என்பதால் தனியே கரைத்து வடிகட்டிச் சேர்ப்பது முறை. கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது சர்க்கரை. இருந்தும், சர்க்கரை நோயுள்ள பெரியப்பாக்கள் "கருப்பட்டிதானே" என்று இரண்டாவது டம்ளருக்கும் கை நீட்டுவார்கள். குளுக்கோமீட்டருக்கு அந்த நியாயம் எட்டுவதில்லை.

இரண்டு டம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பொடி. சிறுதீயில் ஒன்றரை டம்ளராகச் சுண்டினால் இறக்கிவிடலாம். விநியோகத்தில்தான் சிக்கல். மணத்தை அறிய மூக்கு வேண்டும். நோயாளியின் மூக்கோ அடைத்திருக்கிறது. ஆக, வீடு முழுக்கப் பரவும் வாசனை எட்டாத ஒரே ஆள், யாருக்காக அது கொதிக்கிறதோ அவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் எட்டிவிடும். "எனக்கும் தொண்டை கரகரங்குது" என்று ஒவ்வொருவராகச் சமையலறைப் பக்கம் வருவார்கள். கடைசியில் நோயாளிக்கு அரை டம்ளரும் அடிவண்டலும் மிஞ்சும். ருசி எப்படி என்று கேட்கப்படுபவரும் அவரே.

பலன் இல்லாமல் இல்லை. கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 பேருக்குப் பழ பானம் கொடுத்துப் பார்த்து, முடிவை 2008இல் வெளியிட்டார்கள். மூக்கில் காற்றோட்டம் அளவுகோலின்படி கூடவில்லை. ஆனால் சூடாகக் குடித்தவர்கள் தொண்டைவலி, குளிர், அசதி எல்லாம் உடனே குறைந்ததாகச் சொன்னார்கள். சூடில்லாமல் குடித்தவர்களுக்கு இந்த மூன்றும் குறையவில்லை. வெறும் பழ பானத்துக்கே இவ்வளவு என்றால், சுக்கு காபி தன் பங்குக்கு நிமிர்ந்து நிற்கலாம். வைரஸை விரட்டியதாகச் சொல்லிக்கொள்ளத்தான் முடியாது.

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் காரத்தைக் குறைக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு குடிப்பது நல்லது. கருப்பட்டிக்குப் பதில் தேன் என்றால், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தரவே கூடாது. மூச்சுத் திணறினாலோ, சளி 10 நாளைத் தாண்டினாலோ அடுப்படியை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிஞ்சிய பொடியை ஈரமில்லாத பாட்டிலில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி வைக்கலாம். ஒட்டாவிட்டால் அடுத்த வாரம் ரசத்துக்குள் போய்விடும். அந்த ரசத்தைக் குறை சொன்னவர்கள் அதிகம் பேர் இல்லை.