குற்றி கிளப்பும் ஆயுதங்கள்

மன்னார்–பூநகரி வீதியோரத்து இலுப்பைக்கடவையில், 2009இல் போர் முடிந்து ஊர் திரும்பியவர்களைக் காணிகளில் வரவேற்றது பற்றைக்காடு. வெட்டுவது சுலபம், மிஞ்சும் குற்றியைக் கிளப்புவதுதான் வேலை.

மண்வெட்டி, சுற்றிவர மண்ணை விலக்க மட்டும். அதைக்கொண்டே வேரையும் வெட்டப் பார்ப்பவர் வேருக்கு முன்னர் பிடியை முறிப்பார். வேருக்குக் கோடாலி, மண் ஒட்டிய வேரில் அதன் வாய் மழுங்கும் என்பதால் பழையதே நல்லது. (புதியதை அயலவர் கண்ணில் படாமல் வைப்பது தனிக்கலை.) கோடையில் இறுகிய தரைக்குப் பிக்காசு. கடைசியில் அலவாங்கு. நீளம் கூடக்கூட நெம்பும் பலம் கூடும். இரவல் என்றால் நெம்புபவரின் துணிவும் கூடும்.

விடத்தல் வேறு சாதி. பக்கத்து விடத்தல்தீவு பெயரிலேயே சுமக்கும் இந்த முள்மரம், மண்ணில் விட்ட வேரிலிருந்து மறுபடி முளைக்கும். அரைகுறையாகக் கிளப்பியவர் ஒன்றுக்குப் பலவாய் அறுவடை செய்வார். மாரி மழையில் மண் இளகியபின் தொடங்கினால் பாதிப் பாடு மிச்சம்.

கண்ணிவெடி அகற்றி முடியாத காணிக்கு இந்த ஆயுதம் எதுவும் பொருந்தாது. அங்கே குற்றி வென்றதாக ஒப்புக்கொள்வதே சரி.